நிலம் விடும் மூச்சு

மேலே புருசன் உதயன் அளவுநாடாவை இழுக்கும் சத்தம் கேட்டது. சர்ரென்று ஓடி, டக்கென்று தன் பெட்டிக்குள் திரும்பிப்போகிற சத்தம். சாப்பாட்டு மேசைக்கு இடம் காணுமா என்று மனுசன் திரும்பத் திரும்ப அளக்கிறார், அளந்தால் வீடு வளருமா என்ன, என்று தவமலர் நினைத்தாள். வெறும் வீட்டில் ஒரு நாடா இவ்வளவு சத்தம் போடுகிறது. கீழே பேஸ்மென்டில் அவள் கம்பளத்தில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கு நேரே, புத்தக அலுமாரியின் நடுத்தட்டில், சவர்க்காரக் கட்டியளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கும், அணையும், மறந்துபோகிற நேரம் பார்த்துத் திரும்ப மினுங்கும். செவ்வாய்க்கிழமை டெனிஸ் என்கிற பரிசோதகர் அதைக் கொண்டுவந்து வைத்து, யன்னல் திறக்கக்கூடாது, பெட்டியை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதுதான் முறையாம், ஆனால் வீடு வாங்குகிறவர்களுக்கு யார் மூன்று மாதம் காத்திருப்பார்கள், நாலு நாளில் ஒரு குத்துமதிப்புக் கிடைக்கும் என்றார். இன்றைக்குச் சனி. அவர் வந்து தன் ஃபோனில் பார்த்தால்தான் பெட்டி என்ன எண்ணி வைத்திருக்கிறது என்று தெரியும். பனி கொட்டி ரோட்டெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, அவர் வரச் சுணங்குமாம். வின்னிபெக்கில் இத்தனை வருசம் வாடகை வீடுகளில் இருந்தாயிற்று, முதன்முதலாக ஒரு வீடு வாங்கப்போகிறார்கள். மற்ற ஆட்கள் கூரையைப் பார்ப்பினம், ஹீட்டரைப் பார்ப்பினம், என்ரை மனுசி காத்தைப் பாக்க நிக்கிறா என்று உதயன் ஏஜென்ட் ஜெயசீலனிடம் சொல்லிச் சிரித்தது அவளுக்குக் கேட்டுத்தான் இருந்தது. சிரிக்கட்டும். காற்றைத்தான் பார்க்க வேண்டும். நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் கரகரப்புக்கூட இல்லை, ஆனால் மண்ணுக்குள்ளிருந்து ஏறி வந்து வீட்டுக்குள் குடியிருக்கிற ஒன்று. ரேடன். பத்தாம் வகுப்பில் பாடமாக்கிய பெயர். யாரோடும் சேராத வாயுக்களின் வரிசையில் கடைசியாக நின்றது. அந்த வரிசையை ஒப்புவித்து முழுப் புள்ளி வாங்கியவள் அவள். வாங்கிய மறுவருசம் ஊரில் சண்டை மூண்டு, பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து நிறைந்து, படிப்பு அத்தோடு நின்றது. மறந்துபோனதென்று நினைத்த பெயர், இத்தனை காலம் கழித்து, இத்தனை கடல் தாண்டி, ஒரு வீட்டின் நிலத்துக்கடியில் இருந்துகொண்டு என்னைத் தெரியுதா என்று கேட்கிறது.

"என்னக்கா, தரையிலயே உக்காந்துட்டீய? நாற்காலி எடுத்துப் போடுதேன்" என்று அனீஸ் வந்தாள். கையில் தேத்தண்ணிக் கப். வீட்டுக்காரர் அருளம்பலம் மகனோடு இருக்கவென்று டொராண்டோவுக்குப் போய்விட்டார், மேல்வீடு வெறுமையாகக் கிடக்கிறது. கீழே பேஸ்மென்டில் மட்டும் திருநெல்வேலியிலிருந்து வந்த இந்த இளம் தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள், அனீஸ் பாத்திமா, அவள் புருசன், ஒன்பது மாதப் பெண்குழந்தை ஹானியா. புருசன் இரவு வேலை முடிந்து இன்னும் வரவில்லை. "வேண்டாம் பிள்ளை, எனக்கு இது வசதி" என்று சொல்லிவிட்டுத் தவமலர் கப்பை வாங்கினாள். பிள்ளை என்றதும் அனீஸ் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. தங்கள் ஊரில் அதைச் சொல்கிற விதம் வேறு என்றாலும் கேட்க நன்றாக இருக்கிறதென்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "அக்கா, அந்தப் பெட்டி கேமராவான்னு அவுக கேட்டாக. இல்லைன்னேன். ஆனாலும் நாலு நாளா அதுக்கு முன்னாடி நின்னு தலை சீவக்கூட ஒரு மாதிரியாத்தான் இருக்கு." தவமலர் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அனீஸின் தோளுக்குப் பின்னால் தரையில் மெத்தை கிடப்பதைப் பார்த்தாள். ஒற்றை மெத்தை, மஞ்சள் பூப் போட்ட விரிப்பு, அதன் நடுவில் குழந்தை குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறது. தரையோடு தரையாக. ஏன் தரையில் என்று கேட்க வாய் வந்தது. கட்டிலில் போட்டால் விழுந்துவிடுவாள் என்று பதில் வரும், அது சரியான பதிலும்தான். கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்தாள். இஞ்சி போட்டிருந்தது. வெளியே மரங்கள் குளிரில் வெடிக்கிற நாளில் உள்ளே இஞ்சித் தேத்தண்ணி, தூங்குகிற பிள்ளை, மூலையில் ஓடும் ஹீட்டரின் உறுமல், உலகத்திலேயே பாதுகாப்பான இடம் இதுதான் என்று எந்த மனுசரும் சத்தியம் பண்ணுவார்கள். அவளுடைய அக்காவும் பண்ணியிருப்பாள். இராசமலரின் பேஸ்மென்டும் இப்படித்தான் இருந்தது, சூடாக, தாழ்வாக, சமையல் மணத்தோடு, பனியின் அடிவயிற்றைக் காட்டுகிற சின்ன யன்னல்களோடு.

எந்தத் தளத்தில் இருந்தவா? அக்காவைப் பார்த்த இளம் டாக்டர் கேட்ட கேள்வி. அதற்கு முன்னால் ஆட்கள் கேட்டதெல்லாம் வேறு கேள்வி. அவளுக்கு நுரையீரலில் கான்சர் என்றதும் ஆட்களின் கண் உடனே ஒருக்கால் சுருங்கும். சிகரெட் பிடிக்கிறவவோ? இல்லை. அப்ப அத்தான் பிடிப்பாரோ? பிடிப்பார், ஆனால் வெளியே, பனிக்குள் நின்று, அக்கா உள்ளே விடமாட்டாள். அப்ப அடுப்புப் புகையாக்கும். அப்ப போர்க்காலத்து நஞ்சுப் புகையாக்கும். ஒவ்வொருவரும் ஏதோவொரு புகையைத் தேடிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார்கள். புகை இருந்தால்தான் அவர்களுக்குச் சமாதானம், ஏனென்றால் புகை என்றால் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் தாங்கள் தப்பலாம். அந்த டாக்டர் மட்டும், படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, வேறேதோ யோசித்தவர்போல, எந்தத் தளத்தில் இருந்தவா என்று கேட்டார். பேஸ்மென்டில், கன வருசமாக, பிள்ளைகள் பார்க்கிற வேலை, பகலும் அங்கேதான், இரவும் அங்கேதான். ம் என்றார். அந்த வீட்டில் ரேடன் பார்த்தார்களா? பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, இனி ஒன்றுக்கும் உதவாது, ஆனாலும் கேட்டேன், மன்னியுங்கோ என்றார். அவ்வளவுதான். அக்கா போய்ச் சேர்ந்தாள். அந்த வீடு இடிந்து இப்போது கார் நிறுத்துகிற இடம். ஆகவே ஒருவேளை என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒருவேளை அது. ஒருவேளை இல்லை. ஒருவேளை அத்தானின் சட்டையில் ஒட்டிவந்த புகையும் அதுவும் சேர்ந்து. ஒருவேளை ஒன்றுமேயில்லை, உடம்பு தானாகவே தன்னை மறந்துபோனது. தவமலரின் மனம் இந்த இடத்துக்கு வந்தால் கால் தடுக்கும், எழும்பும், சுற்றும், திரும்ப இதே இடத்தில் வந்து தடுக்கும். பஸ்ஸில் தடுக்கும், வேலைசெய்கிற பேக்கரியில் மா பிசையும்போது தடுக்கும். ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் இருப்பதைக்கூடத் தாங்கலாம், பதில் இருந்து அது கார்களுக்கடியில் புதைந்து கிடக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் தேடித் தேடி வாசித்தாள், வாசிக்க வாசிக்கப் பயம் வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது வேறொன்று. அதற்கு என்ன பெயர் சொல்வது? கோயிலில் கற்பூரம் காட்டும்போது திடீரென்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் தெரிகிறபோது வருமே, அது. இந்த மண்ணுக்குள், எந்த மண்ணுக்குள்ளும், மிகக் கொஞ்சமாக யுரேனியம் இருக்கிறது. அது பாதியாகக் கரைந்து முடிய இந்தப் பூமி இதுவரை வாழ்ந்த காலம் முழுக்க வேண்டும். அவ்வளவு ஆறுதலாக, அவ்வளவு அவசரமில்லாமல், அணு அணுவாக அது தன்னை விட்டுக்கொடுக்கிறது, ஒன்று இன்னொன்றாகி, அந்த இன்னொன்று ரேடியமாகி, ரேடியம் ஒருநாள் ரேடனாகி, கல்லாக இருந்தது காற்றாகிவிடுகிறது. கல்லுக்குக் கால் முளைக்கிறது. அந்தக் காற்றுக்கோ ஆயுள் நாலைந்து நாள்தான், அதற்குள் வெடிப்புக் கண்ட இடத்தால் ஏறி மேலே வரவேண்டும், வந்தால் காற்றில் கலக்கும், அல்லது யாராவது மூச்சில் இழுப்பார்கள், இழுத்த இடத்தில் ஓர் அணு உடையும். ஆதியில் நட்சத்திரம் ஒன்று வெடித்தபோது உண்டான ஒன்று, இவ்வளவு காலமும் நடந்து, ஒரு பிள்ளை பார்க்கிற பெண்ணின் நெஞ்சுக்குள் வந்து முடிகிறது. அதற்குக் கோபமில்லை. குறி பார்ப்பதில்லை. தவமலருக்குத் தெரிந்த சாவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது, ஒரு சட்டை நிறம் இருந்தது, வானத்தில் ஓர் உறுமல் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் மண்ணுக்குள் ஓடு, பங்கருக்குள் இறங்கு, மண் காப்பாற்றும் என்றுதான் அவளும் அக்காவும் வளர்ந்தார்கள். பனங்குற்றி அடுக்கிய கூரையின் கீழே, அக்காவின் மடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, வேரும் ஈரமும் மணக்கிற இருட்டை இழுத்து இழுத்து மூச்சு விட்டது ஞாபகம் வந்தது. மண் காப்பாற்றத்தான் செய்தது. இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அதே மண்தான். மண் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது, தன்பாட்டில் இருக்கிறது, தன்பாட்டில் மூச்சு விடுகிறது, நாங்கள்தான் ஒருக்கால் பயந்து அதற்குள் இறங்குகிறோம், ஒருக்கால் குளிர்ந்து அதற்குள் இறங்குகிறோம். இந்த ஊர் முழுக்க ஒருகாலத்தில் கடல்மாதிரி ஓர் ஏரியாகக் கிடந்ததாம், பனிக்கட்டி உருகி நின்ற ஏரி, அதன் அடிக்களிமண்ணின் மேல்தான் இப்போது அவள் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஆறிப்போன தேத்தண்ணி. அவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது. குளிரா என்று பார்த்தாள். குளிரில்லை.

குழந்தை புரண்டது. ஒரு கை மெத்தையை விட்டு நழுவிக் கம்பளத்தில் விழுந்தது, விரல்கள் ஒருமுறை விரிந்து மூடின. அவ்வளவு தூக்கத்திலும் எதையோ பிடிக்கப் பார்க்கிறது. தவமலர் தன் மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாள், கவனித்தவுடன் மூச்சு தானாக ஓடுவதை நிறுத்திவிட்டது, இப்போது ஒவ்வொன்றையும் அவளே இழுக்க வேண்டியிருந்தது, இழு, விடு, இழு. இழுப்பதில் என்ன இருக்கிறது? பச்சைப் புள்ளி மினுங்கியது. அதற்குத் தெரியும். சொல்லாது. சரி, எண்ணிக்கை குறைவாக வந்தால்? வீடு வாங்கலாம், உதயன் மேசையைப் போடலாம், அவள் வெறும் பயந்தாங்கொள்ளி என்று ஜெயசீலன் ஊர் முழுக்கச் சொல்லலாம், நல்லது. கூட வந்தால்? வேண்டாமென்று சொல்லிவிட்டுக் காரில் ஏறலாம். அவள் ஏறலாம். இந்தப் பெண்? இந்த யோசனை இதுவரை ஏன் வரவில்லை? வாங்குகிறவள் மூச்சுக்காகச் சோதனை வைத்தாள், ஏற்கெனவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அவளுக்கு யன்னலைச் சாத்திக் கொடுத்து உதவி செய்திருக்கிறார்கள். நாலு நாளாக. அவள் சொன்னதற்காக. எழும்பி யன்னலைத் திறக்க வேண்டும்போல் கை பரபரத்தது. திறந்தால் கணக்குக் கெட்டுவிடும். உட்கார்ந்தே இருந்தாள், உட்கார்ந்திருப்பதற்காகத் தன்மேல் வெறுப்பாகவும் இருந்தது. அப்போது மேலே கதவு திறந்து, சப்பாத்தில் பனி உதறுகிற சத்தமும், டெனிஸின் பெரிய குரலும் கேட்டன.

டெனிஸ் படியிறங்கி வந்தார், பின்னால் உதயனும் ஜெயசீலனும். அனீஸ் குழந்தை எழும்பிவிடாதபடி மெத்தைக்கு முன்னால் நின்றுகொண்டாள். டெனிஸ் ஃபோனைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார், புருவத்தைத் தூக்கினார், திரையைத் தவமலர் பக்கம் திருப்பினார். அறுநூற்று எண்பது. இருநூறைத் தாண்டினால் சரிசெய் என்று அரசாங்கம் சொல்கிற அளவில் அறுநூற்று எண்பது. அந்த எண்ணின் பொருள் அவளுக்குத் தெரியும். ஒரு கன மீட்டர், ஒரு பெரிய பெட்டியளவு காற்றில், கையை நீட்டிச் சுற்றினால் வருகிற இந்த இடத்தில், ஒவ்வொரு விநாடியும் அறுநூற்று எண்பது அணுக்கள் உடைகின்றன. இப்போது. இப்போது. சத்தமில்லாமல். நிற்கிற இவ்வளவு பேருக்கும் நடுவில் ஒரு மாபெரும் மழை பெய்துகொண்டிருக்கிறது, ஒருவரும் நனையவில்லை. எங்கிருந்து வருகிறதென்று காட்டவா என்று டெனிஸ் கேட்டார். ஹீட்டருக்குப் பின்னால், நிலக்கீழ்த் தண்ணீர் சேருகிற சின்னக் குழியின் மூடிக்குக் கூட்டிப்போனார், முழந்தாளில் இருந்து, பென்சில் மாதிரி ஒன்றைப் பற்றவைத்தார், அதன் நுனியிலிருந்து நூல்போல ஒரு புகை நேரே எழும்பியது. மூடியின் வெடிப்புக்குக் கிட்டக் கொண்டுபோனதும் அந்தப் புகை தலை சாய்ந்தது. யாரோ ஊதுகிறமாதிரி. அணைப்பதற்கு ஊதுவதுபோல இல்லை, தூங்குகிற ஒருவரின் மூக்குக்கு முன்னால் பிடித்தால் எப்படியோ, அப்படி, மெதுவாக, விடாமல். உள்ளே சூடு மேலே ஏற ஏற வீடு கீழேயிருந்து காற்றை உறிஞ்சும், குளிர்காலத்தில்தான் கூட, பயப்பட வேண்டாம், ஆனால் சரிசெய்யாமல் ஆட்கள் கீழே இருக்கக்கூடாது என்று டெனிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். தவமலர் பாதிதான் கேட்டாள். அவளும் முழந்தாளில் இருந்தாள். கையை நீட்டி வெடிப்பின் மேல் பிடித்தாள். உள்ளங்கையில் ஈரமாக, குளிராக, மிக மெல்லியதாக ஒன்று வந்து பட்டது. நிலம் மூச்சு விடுகிறது. மனிதர் இல்லாத காலத்திலிருந்து விடுகிற மூச்சு. கும்பிட வேண்டும்போலவும் எழும்பி ஓட வேண்டும்போலவும் ஒரே நேரத்தில் இருந்தது, எதையும் செய்யாமல் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"இது பெரிய விசயமில்லை அக்கா" என்று ஜெயசீலன் அவளைப் படிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து தணிந்த குரலில் சொன்னான். "நிலத்தில ஒரு ஓட்டை போட்டு, பைப் இறக்கி, ஃபேன் பூட்டினாச் சரி. அது இழுத்து வெளியில விட்டிடும். விருப்பமெண்டா வாங்கிப்போட்டுச் செய்யுங்கோ, இல்லையெண்டா வேற வீடு காட்டுறன். ஆனா ஒண்டு. இந்த நம்பரை வீட்டுக்காரருக்கு அனுப்பவேண்டாம். அவருக்குத் தெரிஞ்சா, பிறகு வாற ஆக்களுக்கெல்லாம் அவர் சொல்லோணும். தேவையில்லாத சிக்கல்." உதயன் தரையைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு?" என்று தவமலர் கேட்டாள். "அவை வாடகை ஆக்கள் அக்கா, இண்டைக்கு இருப்பினம், நாளைக்குப் போவினம்." இண்டைக்கு இருப்பினம். அக்காவும் அப்படித்தான், அடுத்த வருசம் மேல்வீட்டுக்குப் போவம், அடுத்த வருசம் போவம் என்று இருந்தாள். தவமலர் திரும்பிப் பார்த்தாள். அனீஸ் மெத்தைக்கு முன்னால் அதே இடத்தில் நின்று, பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளைமாதிரி, "நல்லா வந்திருக்காக்கா?" என்று கேட்டாள்.

இதற்கு எத்தனை பதில் இருக்கிறது என்று யோசித்தால் இன்றைக்கு முழுக்க யோசிக்கலாம். "இல்லை பிள்ளை" என்றாள் தவமலர். "நல்லா வரேல்லை." பிறகு கம்பளத்தில் திரும்ப உட்கார்ந்து, அனீஸையும் கைபிடித்து உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் தெரிந்த சொல்லில் சொன்னாள், மண்ணிலிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாளில் ஒன்றும் செய்யாது, கன காலம் மூச்சில் போனால் கெடுதல். அனீஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள், கேட்கக் கேட்க அவள் வாய் கொஞ்சம் திறந்தது. "நாங்க வந்து எட்டு மாசம் ஆகுது. பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?" ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை பேர் எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்குத் தெரியாது பிள்ளை. எட்டு மாசம் கொஞ்சக் காலம்தான். டெனிஸுக்கு இதில அனுபவம், அவர் சொல்லுறார் பயப்பிடாதேங்கோ, ஆனா இனி இருக்கவேண்டாம் எண்டு." டெனிஸ் தன் பெயர் அடிபடுவது புரிந்து தலையாட்டினார். "வீட்டுக்காரர்ட நம்பர் இருக்கோ?" இருந்தது. ஜெயசீலன் அக்கா, அக்கா என்றான். தவமலர் நம்பரை அழுத்தி ஃபோனைக் காதில் வைத்தாள். அருளம்பலம் எடுத்தார், வயதான, நிதானமான குரல், பின்னால் டிவி ஓடியது. பேஸ்மென்டில் ரேடன் அறுநூற்று எண்பது என்றாள். டிவி சத்தம் நின்றது. பிறகு அவர், "தங்கச்சி, மேல்வீட்டுக் கதவுத் திறப்பு அங்க ஆரிட்டையும் இருக்கோ?" என்றார். ஏஜென்டிடம் இருக்கு என்றாள். "அப்ப அந்தப் பிள்ளையையும் குழந்தையையும் இப்பவே மேல ஏத்துங்கோ. ஹீட்டரைக் கூட்டி விடுங்கோ. மிச்சம் நான் கதைக்கிறன்." வைப்பதற்கு முன்னால், தனக்கே சொல்வதுபோல, "நானும் மனுசியும் முந்திக் கீழதான் டிவி பாக்கிறனாங்கள்" என்றார். ஓம் ஐயா என்று மட்டும் சொன்னாள்.

அனீஸ் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள், குழந்தை ஒரு கண்ணைத் திறந்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்து, வேண்டாமென்று மூடியது. தவமலர் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை யாரிடமும் கேட்காமல் உதயன் பிடித்தார். படி ஒடுக்கம், மெத்தை மடிந்து மடிந்து விழுந்தது, நடுவில் ஓரிடத்தில் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். "வாங்கிறதோ, விடுறதோ?" என்று உதயன் கேட்டார், சிரிப்பில்லாமல், உண்மையாகவே அவளிடம் கேட்கிறார் என்று தெரிந்தது. அவள் யோசித்தாள். வேறு வீடு என்றாலும் அதுவும் இந்த மண்ணின் மேல்தான் நிற்கும், இந்த மண் எல்லா இடமும் மூச்சு விடும், பார்க்காத வீடுகளில் பார்க்காமல் விடும். "வாங்குவம்" என்றாள். "முதல் பைப். பிறகு மேசை. அவை இருக்க விருப்பமெண்டா மேல ஒரு அறை குடுப்பம், திரும்ப அளந்து பாத்துச் சரியெண்டாப் பிறகுதான் கீழ." உதயன் ம் என்றார், மெத்தையைத் தன் பக்கம் கூடுதலாகத் தூக்கிக்கொண்டார். மேலே தெற்குப் பக்க அறையில் திரைச்சீலை இல்லை, பனியில் பட்ட வெயில் திரும்பி வந்து சுவரெல்லாம் வெள்ளையாக நின்றது. வெளிச்சத்தின் நடுவில் மெத்தையைப் போட்டார்கள். அனீஸ் குழந்தையைக் கிடத்திவிட்டுப் புருசனுக்கு ஃபோன் பண்ண வெளியே போனாள், நடைவழியில் அவள் குரல் உடைவதும் உதயன் ஏதோ சொல்வதும் கேட்டன. தவமலர் குழந்தையின் பக்கத்தில் வெறும் தரையில் சரிந்து படுத்தாள், இவ்வளவு கிட்ட ஒரு குழந்தையின் மூச்சைக் கேட்டு எவ்வளவு காலம். ஹானியா உதட்டைச் சப்பினாள், நெற்றியைச் சுருக்கினாள், பிறகு எங்கேயோ போய்வருகிறமாதிரி ஒரு நீண்ட மூச்சை இழுத்தாள். அவ்வளவு சின்ன நெஞ்சு, அது விரிந்தது, இன்னும் விரிந்தது, இதற்கு மேல் இடமில்லை என்று தவமலர் நினைத்த பிறகும் கொஞ்சம் விரிந்தது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு அவ்வளவு காற்றையும் திருப்பிக் கொடுத்தது.